கண்ணில் தெரிந்த பவளக்காலி

சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கேமரா உள்ளேயே பொருத்திய பைனாகுலரோடு போனேன். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். நீர் வற்றிய சேற்றில் ஒரு பவளக்காலி. அந்தச் சிவந்த கால்கள், அடடா! பொத்தானை அழுத்தினேன். படத்தின் ஓரத்தில் வால் மட்டும்தான் இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. என்னுடையதில் கண்ணுக்கு ஒரு லென்ஸ், கேமராவுக்குத் தனி லென்ஸ். இரண்டும் அச்சாக ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. போதாததற்கு, காட்சி 8 மடங்கு பெரிதானால் கைநடுக்கமும் 8 மடங்கு தெரியும். முழங்கைகளை மரத்தடுப்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, பைனாகுலர் காட்சியில் பறவையை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து எடுத்தேன்.

மூன்றாவது படத்தில் அலகைச் சேற்றுக்குள் விட்டபடி முழுசாக நிற்கிறது. மகளுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் அவளும் வருகிறாளாம்.