ஊசி எடுக்காத மப்ளர்: அரையாண்டு லீவுக் குறிப்புகள்

டிசம்பர் 25

அக்கா பிள்ளைகள் இருவரும் லீவுக்கு வந்துவிட்டார்கள். என் மகளோடு மூன்று பேர். ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அம்மா, மார்கழிப் பனியில் பால் கறக்கப் போகும்போது பழைய துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார். "அம்மிச்சிக்கு நாமளே மப்ளர் செஞ்சு குடுக்கலாம் சித்தி" என்றாள் அக்காவின் பெரியவள். மூவருக்கும் தைக்கத் தெரியாது. சரி, வெட்டினால் பிசிர் வராத, கம்பளி மாதிரி மெத்தென்ற ஃப்ளீஸ் துணி வாங்கலாம் என்றேன்.

டிசம்பர் 26

துணி வாங்கத் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனோம். 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 250 கிராம்), 60 இஞ்ச் அகலம். இந்தக் கனத்தில் ஒரு கிலோவுக்கு 4 சதுர மீட்டர் வரும். மெரூனில் 600 கிராமும் அலங்காரத்துக்கு மஞ்சளில் ஒரு வெட்டுத்துண்டும் எடுத்தேன். பனியன் கம்பெனியில் ஹூடிக்கு ஓடும் த்ரீ த்ரெட் (மூன்று நூலில் பின்னும்) காட்டன் ஃப்ளீஸ் வேறு. அதில் உள்பக்கம் மட்டும் பிரஷ் அடித்திருப்பார்கள். இது பாலியஸ்டர், இரண்டு பக்கமும் பஞ்சு எழுப்பியது.

வீட்டுக்கு வந்ததும் மூவரிடமும் ஒரு கிழிந்த சென்னிமலைப் பெட்ஷீட் துண்டைக் கொடுத்து, வெட்டிய ஓரத்தைப் பிய்க்கச் சொன்னேன். பாவு நூலும் ஊடை நூலும் தனித்தனியாகக் கழன்று வந்தன. பனியன் துணியை வெட்டி இழுத்தபோது ஓரம் சுருண்டுகொண்டது. ஃப்ளீஸில் எவ்வளவு பிய்த்தாலும் பிசிர் வரவில்லை. கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி, மேலே எழுப்பிய இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சின்னவன் அதை நம்பாமல் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான்!

டிசம்பர் 27

அவசரத்தில் தவறு செய்துவிட்டேன். துணியின் அகலவாக்கில் 25 செ.மீ. பட்டையாக வெட்டிக் கொடுத்தேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததும் ரப்பர் மாதிரி நீண்டது. பின்னல் துணி அகலவாக்கில்தான் அதிகம் இழுபடும். தினமும் கழுத்தில் சுற்றி இழுத்தால் அது மேலும் தொங்கிப்போகும். மறுபடி நீளவாக்கில் ஆளுக்கொன்றாக மூன்று பட்டை வெட்டினேன். மிச்சம் இருந்தது சுமார் 132 செ.மீ.தான், அம்மாவின் உயரத்துக்குப் போதும். முதல் பட்டை குஞ்சம் வெட்டிப் பழகுவதற்கு ஆயிற்று.

குஞ்சம்தான் பிள்ளைகளின் வேலை. இரு முனையிலும் 10 செ.மீ. உள்ளே சாக்பீஸ் கோடு, அதுவரை 2 செ.மீ. இடைவெளியில் வெட்டு. அப்புறம் ஒவ்வொரு இழைக்கும் ஒரு முடிச்சு. பெரியவள் அளந்து வெட்டினாள். சின்னவனின் குஞ்சம் ஒன்று தடி, ஒன்று ஈர்க்குச்சி. கத்தரியை வாங்கி நேராக்கக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. அம்மா தடவிப் பார்த்து இது யார் வெட்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

டிசம்பர் 28

அலங்காரம். என் மகள் மஞ்சள் துணியில் ஆவாரம்பூ வெட்டினாள். பசையை நிறைய ஊற்றியதால் முதல் பூ காய்ந்து அட்டை மாதிரி விறைத்தது. அடுத்ததற்கு ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு மட்டும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும் என்று கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம். பெரியவளுக்குப் பசை வேண்டாமாம்: மப்ளரின் ஓரத்தில் சிறு சிறு கீறல் போட்டு, மஞ்சள் நாடாவை உள்ளே வெளியே என்று கோத்துவிட்டாள். மூன்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்தவனைத் தடுத்துவிட்டேன், பாலியஸ்டர் உருகிவிடும்.

பக்கத்து வீட்டு இரண்டு வயசுக் குட்டியும் கேட்டது. அந்த வயசுக் கழுத்துக்கு மப்ளர் ஆகாது. கைக்குட்டை அளவில் ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்தேன். பெரிய பிள்ளைகளும் தூரி (ஊஞ்சல்) ஆடும்போது கழற்றி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 30

தோட்டம். விடியற்காலை அம்மா மூன்றையும் மடியில் போட்டுத் தடவினார். கோணல் குஞ்சத்தைப் பிடித்து, "இது எஞ்சாமி வெட்டுனதாட்ட இருக்குது" என்றார். சின்னவன் கட்டுத்தறிக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டான். அதையே தலையில் சுற்றிக்கொண்டு பால் சொம்பை எடுத்தார்.