அடுத்த கோச் யார்? லெக்சிங்டன் குறிப்புகள்

மார்ச் 21, 2024
என்சிஏஏ கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரில் ஓக்லண்ட் 80, நம் ஊர் கென்டக்கி பல்கலைக்கழகம் 76. பதினான்காம் சீட்டிடம் (தரவரிசையில் கீழே இருக்கும் அணி), முதல் சுற்றிலேயே. அவர்களின் ஜாக் கோல்கி ஒருவரே பத்து த்ரீ (மூன்று புள்ளி ஷாட்).

மார்ச் 22
காலையிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு: கோச் காலிப்பரியை வேலையிலிருந்து தூக்கு. ஒப்பந்தம் 2029 வரை. தூக்கினால் சுமார் 3.3 கோடி டாலர் பைஅவுட் (ஒப்பந்தத்தை முறிக்கத் தரும் பணம்). அவராகவே கிளம்பினால் அந்தப் பணம் மிச்சம். ஆகவே யார் வருவார் என்று பட்டியல் போடுவது வீண்வேலை. வேறு எந்தப் பெரிய கல்லூரியில் இடம் காலியாகிறது என்று பாருங்கள்.

மார்ச் 26
காலிப்பரி தொடர்வார் என்று நம் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் பார்ன்ஹார்ட் அறிவித்துவிட்டார். ம்.

ஏப்ரல் 4
ஆர்கன்ஸா கோச் முஸல்மன் யுஎஸ்சி பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். ஆர்கன்ஸா காலி.

ஏப்ரல் 7, இரவு
காலிப்பரி போவது ஆர்கன்ஸாவேதான்! பதினைந்து சீசன், 2012 கோப்பை, எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. போன மாதம் தூக்கச் சொன்னவர்களே இப்போது "நம்மள விட்டுட்டுப் போறாரே" என்று புலம்புகிறார்கள்.

ஏப்ரல் 8
அடுத்த கோச்சைத் தேடி எந்த விமானம் எங்கே போகிறது என்று எல்லோர் போனிலும் விமான வரைபடம். பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். அமெரிக்க விமானத்தின் வால் எண் 'N' என்ற எழுத்தில் தொடங்கும். பதிவேட்டில் தேடினால் உரிமையாளர் பெயர் வரும். வந்தாலும் பெரும்பாலும் அது ஒரு வாடகை நிறுவனம், அல்லது ஏதோ ஒரு எல்எல்சி கம்பெனி. உரிமையாளர் கேட்டுக்கொண்டால் விமானங்களைக் காட்டும் ஃப்ளைட்அவேர் தளம் அந்த விமானத்தை மறைத்துவிடும். தன்னார்வலர்களின் ரிசீவர்களை நம்பி ஓடும் ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் மறைக்காது. ஆனால் பக்கத்தில் ரிசீவர் இல்லையென்றால் விமானம் தாழ இறங்கும்போது கோடு அறுந்துவிடும். உடனே "ரகசியமாக இறங்கிட்டாங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பும். பெய்லர் பல்கலைக்கழகம் இருக்கும் வேகோவில் இறங்கினால் அதன் கோச் ஸ்காட் ட்ரூவைப் பார்க்கத்தான் என்றில்லை. நன்கொடையாளர் சொந்த வேலையாகப் போயிருக்கலாம், ஆள் எடுக்கும் உதவி கோச்சாக இருக்கலாம். இன்னொன்று: பேச்சுவார்த்தை ஏஜென்ட் மூலம் போனில் நடக்கிறது. விமானம் பறக்கும் நேரத்தில் பாதி முடிந்திருக்கும்.

என்பிஏவில் சிகாகோ புல்ஸ் கோச்சாக இருக்கும் டாநவன் பெயரை ஏன் யாரும் பெரிதாகப் பேசவில்லை?

ஏப்ரல் 9
காலிப்பரி விடைபெறும் வீடியோ வந்துவிட்டது. கனெக்டிகட் கோச் ஹர்லி நேற்று பர்டூவை 75-60 என்று அடித்து இரண்டாவது கோப்பையைத் தூக்கினார். அவர் எங்கே வரப்போகிறார்? கோச் ஓட்ஸ் அலபாமாவில் போன மாதம்தான் ஒப்பந்தத்தை நீட்டினார். பைஅவுட் 1.8 கோடி. இருவர் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

ஏப்ரல் 10
டாநவன். முன்னாள் கோச் பிட்டினோவுக்கு உதவியாக இங்கேயே இருந்தவர், ஃப்ளோரிடாவில் 2006, 2007 கோப்பைகள். தடை நாள்காட்டிதான். புல்ஸின் ப்ளே-இன் (பிளேஆஃப் தகுதி) ஆட்டம் 17ஆம் தேதி, அதுவரை அவர் அங்கேதான். ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறப் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் மே 1 வரை. கோச் போனால் அந்த அணிப் பையன்களுக்குத் தனியாக 30 நாள் உண்டு; ஆனால் மற்ற அணிகளின் நல்ல ஆட்கள் அதுவரை காத்திருப்பார்களா? ஒரு வாரம் தாமதித்தால் மிச்சம் மீதியைத்தான் பொறுக்க வேண்டும்.

ஏப்ரல் 11
ட்ரூ பெய்லரிலேயே இருக்கிறாராம்.

இரவு: மார்க் போப்?! பிஒய்யு (ப்ரிகம் யங் பல்கலைக்கழகம்) கோச். நம் 1996 கோப்பை அணியின் கேப்டன், மறுக்கவில்லை. தலைமைக் கோச்சாக என்சிஏஏ தொடரில் ஒரு வெற்றிகூட இல்லை. நாம் ஓக்லண்டிடம் விழுந்த அதே நாளில் அவர் டுகேனிடம் 71-67 என்று விழுந்தார். ஊரே கொதிக்கிறது.

ஏப்ரல் 12
போப் உறுதி. ஐந்து வருடம், சராசரி 55 லட்சம் டாலர். பிஒய்யு ஆட்டங்களை ஓடவிட்டுப் பாருங்கள்: ஐந்து பேரும் த்ரீ கோட்டுக்கு வெளியே, வழக்கமாகக் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் சென்டரே மேலே நின்று பாஸ் கொடுக்கிறார், கூடையை நோக்கி உள்ளே ஓடுபவனுக்கு வழி திறந்து கிடக்கிறது. த்ரீ எண்ணிக்கை மிரட்டுகிறது. அது விழாத நாளில் டுகேனிடம் தோற்ற கதைதான். நேற்றைய கொதிப்பு எனக்குப் பாதி இறங்கிவிட்டது.

ஏப்ரல் 14
போப்பின் அறிமுகத்துக்கு நம் அரங்கம் ரப் அரீனா நிரம்பி வழிந்தது. மூன்று நாளில் இத்தனை மனமாற்றம்!

கைதட்டல் சரி, ஆட யார் இருக்கிறார்கள்? நம் ரீட் ஷெப்பர்ட் என்பிஏ டிராஃப்ட்டுக்கா (அங்கே அணிகள் புது ஆட்களை எடுப்பது), இங்கேயா? அப்பா ஜெஃப் 1996 அணியில் போப்புடன் ஆடியவர், அதை வைத்து எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். முதல் சுற்றுப் பணம் காத்திருக்கும் பையன் அந்தக் கணக்கைப் பார்ப்பானா? சென்டர் வேறு வேண்டும், பாஸ் கொடுக்கத் தெரிந்தவன்.