பிரண்டைத் துவையல்: மூன்றாவது முறை தொண்டை அரிக்கவில்லை

சென்ற ஆனியில் ஊருக்குப் போனபோது, வயல் வேலி இலந்தை மரத்தில் ஏறிக் கிடந்த பிரண்டையில் ஒரு முழம் ஒடித்து வந்தேன். இரண்டு கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, வெட்டுவாய் காயும்வரை ஒரு நாள் நிழலில் போட்டுவைத்து, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி மாடித் தொட்டியில் ஊன்றினேன். மண்ணில் பாதி மணல். வாரம் இரண்டு முறை தண்ணீர். வேறு எந்தப் பண்டுவமும் அது கேட்கவில்லை. புரட்டாசிக்குள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடிவிட்டது. இலைக்கு நேர் எதிரே, அதே கணுவிலிருந்து சுருண்டு கிளம்பும் பற்றுக்கம்பியைப் பார்த்தாலே இது திராட்சைக் குடும்பத்துக் கொடி என்பது விளங்கும்.

முதல் துவையல் பாழாய்ப் போனது. அடியில் இருந்த தடித்த தண்டுகளைப் பறித்து, வெறுங்கையால் நார் உரித்தேன். விரல் இடுக்கெல்லாம் ஒரு மணி நேரம் அரிப்பு. அரைகுறையாக வதக்கி அரைத்ததால் தொண்டையிலும் முள் குத்தியது. பிள்ளைகளால் நொந்த தாய்மார்கள் 'பெற்ற வயிற்றில் பிரண்டையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்' என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை அன்று என் உடம்பே அறிந்தது. தண்டுக்குள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் செய்யும் வேலை இது. சேனையும் சேம்பும் அரிப்பது அதனால்தான்.

இரண்டாம் முறை கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டேன். கை தப்பியது, தொண்டை தப்பவில்லை. ஆச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். "நுனியிலிருந்து மூன்று கணுதான் எடுக்க வேண்டும், தாயி. நகம் பட்டதும் ஒடிய வேண்டும். ஒடியாததை வேலியிலேயே விட்டுவிடு" என்றார்.

மூன்றாம் முறை அப்படியே செய்தேன். நாற்பக்க விளிம்பிலும் கணுவிலும் நாரைச் சீவி, ஒரு கைப்பிடித் துண்டுகளை மூன்று கரண்டி நல்லெண்ணெயில் சிறு தீயில் வதக்கினேன். பளிச்சென்ற பச்சை மங்கி, விளிம்புகள் சுருங்கிப் பழுப்பேறப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. உளுத்தம்பருப்பு, ஆறு வற்றல் மிளகாய், இஞ்சி, நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தேன். சுடுசோற்றில் பிசைந்து உண்டபோது கடைசியில் மெல்லிய துவர்ப்பு மட்டுமே நின்றது.

இது எலும்புக்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. வடமொழியில் அஸ்திசம்ஹாரகம், இந்தியில் ஹட்ஜோட். இரண்டு பெயரிலும் எலும்பு இருக்கிறது. 1960களில் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் எலும்பு முறிவு கூடுவதில் பிரண்டையின் பங்கை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். அதற்காக முறிந்த எலும்புக்கு மருத்துவரிடம் போகாமல் துவையலை நம்புவது தவறு. நான் கண்ணால் கண்ட பலன் பசிதான்: வாரம் இரண்டு நாள் சேர்த்த பிறகு, காலையில் ஒரு இட்லியோடு எழுந்துவிடும் அம்மா மூன்றாவதைக் கேட்கிறார். அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்து போயிருப்பதால், ஆக்சலேட்டை எண்ணி அவருக்குக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் எங்கள் வீட்டில் கொடுக்கும் வழக்கமில்லை.

அடுத்தது வற்றல். நுனித் துண்டுகளை உப்பிட்ட புளித்த மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் காயவைக்கிறேன். இன்று மூன்றாம் வெயில். ஓரம் சுருண்டிருக்கிறது, கணு மட்டும் இன்னும் மெத்தென்று இருக்கிறது.