ரிட்டயர் ஆன வருஷம் பென்ஷன்ல எவ்வளவு போடலாம்? என் அனுபவம்

செப்டம்பர் கடைசியில வேலைய விட்டேன். இங்க யூகேல டாக்ஸ் வருஷம் ஏப்ரல் 6ல ஆரம்பிச்சு அடுத்த ஏப்ரல் 5ல முடியுது, அதனால அந்த வருஷத்துக்கு எனக்கு ஆறு மாச சம்பளம்தான், மாசம் 3,000 வீதம் 18,000 பவுண்ட். சேமிப்புல இருந்த 25,000த்த பர்சனல் பென்ஷன்ல போட்டுடலாம்னு இருந்தேன். போன்ல கேட்டப்போ லிமிட் 60,000, தாராளமா போடுங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பல, உக்காந்து ரூல்ஸ படிச்சேன், நல்லவேளை படிச்சேன்!

60,000ங்கிறது ஆனுவல் அலவன்ஸ், அதாவது நாமும் கம்பெனியும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு பென்ஷன்ல போடுற மொத்தத்துக்கான லிமிட், அது உண்மைதான். ஆனா நம்ம கைக்காசுக்கு டாக்ஸ் ரிலீஃப் (பென்ஷன்ல போடுற காசுக்கு அரசாங்கம் தர்ற வரிச்சலுகை) கிடைக்கணும்னா அந்த வருஷ சம்பாத்தியத்த தாண்டக்கூடாது. வாடகை, டிவிடெண்ட், ஸ்டேட் பென்ஷன் எதுவும் இந்தக் கணக்குல வராது, பழைய மூணு வருஷத்துல பயன்படுத்தாம விட்ட ஆனுவல் அலவன்ஸ் மீதிய இந்த வருஷத்துக்கு கொண்டு வந்தாலும் (கேரி ஃபார்வர்ட்) இந்த சம்பளக் கணக்கு மாறாது.

அடுத்து பி45ல (வேலைய விடும்போது கம்பெனி குடுக்குற சம்பள, டாக்ஸ் கணக்குச் சீட்டு) 17,100னு இருந்துச்சு, பேஸ்லிப்ப கூட்டினா 18,000. ரெண்டு நாள் குழம்பினேன். அப்புறம்தான் புரிஞ்சுது, கம்பெனி பென்ஷனுக்கு என் சம்பளத்துல டாக்ஸுக்கு முன்னாடியே புடிச்ச 900தான் அந்த வித்தியாசம், அதுவும் என் பங்குதான், அந்த 18,000 சம்பள லிமிட்ல கழியும். (கம்பெனி போட்டது இதுல கழியாது, 60,000த்துல மட்டும்தான் சேரும்.) ஆக மிச்சம் 17,100. இங்கதான் கவனமா இருக்கணும், அது டாக்ஸ் ரிலீஃபையும் சேர்த்த தொகை, நாம கட்டவேண்டியது அதுல 80 சதவீதம், 13,680, மீதி 20 சதவீதம் டாக்ஸ் ரிலீஃபா பென்ஷன்ல வந்து சேரும். 17,100யே அனுப்பியிருந்தா லிமிட்ட தாண்டியிருக்கும்.

வேலைய விட்டப்புறம் கட்டலாமாங்கிற பயமும் இருந்துச்சு. கட்டலாம், அதே டாக்ஸ் வருஷத்துக்குள்ள பணம் போய் சேந்தா போதும். நான் கடைசி நாள் வரைக்கும் இழுக்காம பிப்ரவரிலயே கட்டிட்டேன், சில வாரம் கழிச்சு 3,420 வந்து சேந்துச்சு.

இன்னொன்னு, பென்ஷன்லேர்ந்து ஃப்ளெக்ஸிபிளா வருமானம் எடுக்க ஆரம்பிச்சா அதுக்கப்புறம் போடுற லிமிட் 10,000 ஆயிடும், அதனால கட்டி முடிக்கிற வரைக்கும் நான் எதையும் தொடல. இப்ப சம்பளமே இல்ல, இருந்தும் 75 வயசு வரைக்கும் வருஷம் 2,880 கட்டலாம், 720 சேர்ந்து 3,600 ஆகும். இந்த வருஷத்துக்கு அத கட்டிட்டேன்.