ஹன்டர் என்ற ஒரு சொல்லுக்காக மூன்று தடவை கொழும்புக்கு

வில் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது, எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வெளிநாட்டிலிருந்து பழைய ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) எடுப்பிக்க நினைக்கிற ஆட்கள் நம் மலையகத்தில் இருந்தால், நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பித்து தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் தோட்டத் துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குக் கிளம்பிய துரை ஒரு வில்லை அவரிடம் விட்டுப் போனார். அது லயத்து அடுப்புக்கு மேலே பரணில் வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து, நான் கையில் எடுத்தபோது பசை விட்டு பைபர் கிளாஸ் வேறு மரம் வேறாகப் பிரிந்திருந்தது. பெயார் என்ற அமெரிக்க வில் கம்பனியின் கோடியாக் ஹன்டர் மாடல். அதே மாதிரி ஒன்றைத்தான் இத்தனை காலமும் தேடினேன். கிடைத்தது, நீளம் 60 அங்குலம், இழுவிசை 45 இறாத்தல். விலை பேசியது, கனடாவில் இருக்கும் மச்சான் பணம் கட்டியது, அவரே பெட்டி கட்டி அனுப்பியது எல்லாம் பத்து நாளில் முடிந்துவிட்டது.

சிக்கல் பில்லில் இருந்தது. விற்றவர் அதில் '1953 வேட்டை வில், கோடியாக் ஹன்டர்' என்று எழுதியிருந்தார். 1953 என்பது வில் செய்த வருடமே இல்லை. அந்தக் காலத்துப் பெயார் வில்களின் லிம்ப்பில் (வில்லின் வளைகிற கையில்) காப்புரிமை இலக்கத்தோடு 'கனடா 1953' என்று அச்சடித்திருப்பார்கள், அது காப்புரிமைக்கான வருடம், எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த வில்லிலும் அதே வரிதான் இருக்கும். கோடியாக் ஹன்டர் என்ற மாடலே அறுபதுகளின் கடைசியில்தான் வந்தது. இதெல்லாம் தெரிந்தும், வில் கைக்கு வந்தால் போதும் என்று பில்லைத் திருத்தச் சொல்லாமல் விட்டேன். விடக்கூடாது!

ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்கி, கொழும்பில் பெட்டியைப் பிடித்து வைத்திருந்த சுங்க அலுவலகத்தின் வரிசையில் நான் நிற்கும்போது பத்து மணி. கிளார்க் பில்லை வாசித்தார், வேட்டைக்காரன் என்று பொருள்படும் 'ஹன்டர்' என்ற சொல்லில் விரலை வைத்தார், அதற்குப் பிறகு விரலை எடுக்கவே இல்லை. வேட்டை ஆயுதத்தைத் தனி ஆள் பெயரில் விடமுடியாதாம். அது மாடலின் பெயர், நான் மைதானத்தில் இலக்குப் பலகைக்குத்தான் அம்பு விடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அரை மணி நேரம் சொன்னேன். கடைசியில், விளையாட்டுக்குத்தான் என்று ஒரு கடிதம் கொண்டுவா என்றார். அப்புறம் 1953 என்றால் பழம்பொருள், அதற்கு மதிப்பீடு வேறு என்று இன்னொரு கட்டையும் போட்டார்.

கடிதம் வாங்க ஒன்பது நாள். விற்றவர் திருத்திய பில் அனுப்ப நாலு நாள், அவர் நல்ல மனுஷர், 'விளையாட்டு வில், 1970கள்' என்று மாற்றித் தந்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, அதுவும் பிறப்புச் சான்றிதழில் எவரோ பிழையாக எழுதிய எழுத்துக்கூட்டலோடு. பெட்டியில் மச்சான் எழுதியதோ முதலெழுத்தும் கூப்பிடும் பெயரும். தோட்டத்தில் பிறந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்த வில்லங்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் வேலையும் பஸ் காசும் வீண். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, பிரதேச செயலகத்தில் ஒப்பமிடுவித்துக்கொண்டு மூன்றாவது தடவை போனேன். அதற்குள் களஞ்சிய வாடகை மட்டும் 9,400 ரூபா ஏறியிருந்தது.

இந்தத் தடவை எல்லாத் தாளும் சரி, ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே வேலை செய்கிற ஒருவர் வில்லை எடுத்து, அது இயல்பாக எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே நாணைப் பூட்டப் பார்க்கிறார். ரிகர்வ் வில்லை அதற்கு எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் நாணேற்றவேண்டும். 'மஹத்தயா, எப்பா!' (ஐயா, வேண்டாம்!) என்று நான் போட்ட சத்தத்தில் அந்த அறையே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டிருந்தாலும் லிம்ப் வெடித்திருக்கலாம். ஆகவே அனுப்பும்போதே நாணைக் கழற்றித் தனி உறையில் போடச் சொல்லுங்கள், வில்லின் மேல் 'நாண் பூட்டவேண்டாம்' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் வந்து ஸ்ட்ரிங்கர் கயிற்றால் நாணேற்றிப் பார்த்தபோது கீழ் லிம்ப் நுனியில் நாண் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. பெட்டியை அத்தனை நாளும் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாணேற்றியபடியே தினமும் இரண்டு தடவை கையால் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருகிப் பிடித்து வந்தேன், இப்போது கிட்டத்தட்ட நேராகிவிட்டது. நாண் டேக்ரான் என்ற, கொஞ்சம் இழுபடுகிற பொலியெஸ்டர் நூலில்தான் போட்டிருக்கிறேன், 56 அங்குலம். இப்போது விற்கிற இழுபடாத நூல் நாண்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வயது வில்லுக்கு வேண்டாம், நுனியை அறுத்துவிடும்.

நேற்றுப் பின்னேரம் மழை விட்டதும் கீழ் மைதானத்தில் பன்னிரண்டு அம்பு விட்டேன். எட்டு பலகையில் நின்றது. தாத்தாவின் பழுதான வில்லில் மிஞ்சிய, கம்பனி அதில் பதித்திருந்த சின்னப் பதக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.