கிரீட்டின் மேற்குப் பாதி

வரைபடத்தில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவு கைக்கு அடக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் கிழக்கு முனைக்கும் மேற்கு முனைக்கும் இடையே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். நடுவே 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள். விரைவாகப் போகக்கூடிய நெடுஞ்சாலை என்று சொன்னால் வடகரையை ஒட்டி ஓடும் ஒன்றுதான். தென்கரையில் ஓர் ஊருக்குப் போக வேண்டுமானால் மலையேறி, வளைந்து வளைந்து இறங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கும் குறைவான விடுப்பில் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம் என்று தொடங்கிய எங்கள் திட்டம், இது விளங்கியதும் பாதியாகச் சுருங்கியது. மேற்கிலுள்ள ஹானியா நகரில் இறங்கி, தீவின் நடுப்பகுதியிலுள்ள ஹெராக்லியோன் நகரில் முடிப்பது, அதற்குக் கிழக்கே ஓர் அடியும் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பிறகு செய்தவை எல்லாம் இந்த முடிவின் தயவால் எளிதாயின.

நான், மனைவி, மாமியார் என மூவர். மாதத்தைத் தேர்வதில் அதிகம் யோசிக்கவில்லை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலோடு மெல்டெமி என்ற வடகாற்றும் பலமாக வீசும். அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே மாதத்தில் மலைச்சரிவெங்கும் பூக்கள் இருந்தாலும் கடல்நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். கோடை முழுவதும் சூடேறிய கடல் ஆறாமலும், கூட்டம் குறைந்தும் இருக்கும் செப்டம்பர் கடைசியே எங்களுக்குப் பொருந்தியது.

நேரத்தை விழுங்கியது விசாதான். கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான பயண நிரல் ஆகியவற்றை அடுக்கி வைத்தோம். மாமியாருக்கு ஓய்வூதிய ஆணையின் நகலும், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்ற கடிதமும், உறவைக் காட்ட என் மனைவியின் பிறப்புச் சான்றிதழும் கூடுதலாக வைத்தோம். விசா கிடைக்கும்வரை எதற்கும் பணம் முடங்கக்கூடாது என்பதால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே பதிவு செய்தோம்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பலருக்கும் இருப்பதுபோல, மாமியாரின் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. விசாப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே காலியாக விட்டோம். விமான டிக்கெட் பதிவு செய்யும் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. விமான நிறுவனத்திடம் கேட்டதற்கு, இயற்பெயரையே இரண்டு கட்டங்களிலும் இடச் சொன்னார்கள். காப்பீட்டுச் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடி இனிஷியலோடு அச்சாகி வந்தது. ஆக, ஒரே ஆளுக்கு மூன்று காகிதங்களில் மூன்று பெயர். காப்பீட்டைத் திருத்தி வாங்கினோம். டிக்கெட்டில் பெயர் இருமுறை வருவதன் காரணத்தை முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுதினோம். மையத்தில் காகிதங்களைச் சரிபார்த்த பெண் அந்தப் பத்தியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, வேறு கேள்வி எதுவும் கேட்காமல் கைரேகைப் பதிவுக்கு அனுப்பினார். டிக்கெட் வாங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வளைகுடா வழியாக ஏதென்ஸ் வரை விமானம். அங்கிருந்து ஹானியாவுக்கும் விமானம் உண்டு என்றாலும், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இரவு ஏறினால் விடியும் வேளையில் இறக்கிவிடும் கப்பலைத் தேர்ந்தோம். ஒரு விடுதி இரவின் செலவு மிச்சம். இருக்கை மட்டும் மலிவு. படுக்கையுள்ள அறை சற்றே விலை கூடுதல். வயதானவர் உடன் வந்தால் அறைதான் சரி.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டோம். வாடகை வண்டியின் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: மண்பாதையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. பாலோஸ் கடற்கரைக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி மண்பாதை என்பதால், கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போவதாக நிரலை மாற்றினோம். எலஃபோனிசி கடற்கரைக்குத் தார்ச்சாலையே உண்டு.

நான் மிகவும் ரசித்துத் திட்டமிட்டது சமாரியா பள்ளத்தாக்கைத்தான். ஓமலோஸ் பீடபூமியின் விளிம்பில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி 16 கிலோமீட்டர் நடந்தால் அகியா ரூமேலி என்ற கடலோர ஊரில் முடியும். அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகில்தான் வெளியேற முடியும். மே முதல் அக்டோபர் வரை திறந்திருந்தாலும், மழை அறிகுறி இருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். பள்ளத்தாக்குக்குள் இரவு தங்கவும் அனுமதியில்லை. மாமியாரின் முழங்கால் இந்த இறக்கத்துக்கு ஒத்துவராது. அதனால் தென்கரையில் சூகியா என்ற ஊரில் அறை எடுத்து, வண்டியை அங்கேயே விட்டோம். நான் டாக்சியில் ஓமலோஸுக்குப் போய் நடப்பது, அவர்கள் இருவரும் படகில் நேராக அகியா ரூமேலிக்கு வந்து காத்திருப்பது, மாலைப் படகில் மூவரும் சூகியாவுக்குத் திரும்புவது என்று ஏற்பாடு. பள்ளத்தாக்கை மூடிவிட்டால் மறுநாள் போவதற்காகச் சூகியாவில் ஓர் இரவைக் கூடுதலாக வைத்திருந்தோம். அன்று வானம் வெறித்திருந்ததால் அது தேவைப்படவில்லை. இருபுறமும் பாறை செங்குத்தாக எழும்பி, வழி சில மீட்டர் அகலமாகக் குறுகும் அந்த இடத்தைத் தாண்டிக் கடலை அடைந்தபோது, மாமியார் கூழாங்கல் கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். நடந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

மாமியார் சுத்த சைவம் என்பதால் சாப்பாட்டையும் முன்கூட்டியே விசாரித்து வைத்தோம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் நோன்பு நாட்கள் மிகுதி. அந்நாட்களில் இறைச்சி, முட்டை, பால், மீன் எதுவும் ஆகாது. அதனால் ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி உணவுகள் உணவகங்களில் ஏராளம். ஆனால் அந்த நோன்பு இறாலையும் கணவாயையும் விலக்குவதில்லை. ஆகவே நோன்பு உணவு என்று மட்டும் கேட்டால் போதாது. கடல் உணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எலுமிச்சை பிழிந்த கீரை, நம் பருப்பு மசியலைப் போன்ற ஃபாவா, பார்லி ரஸ்க்கின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த டாகோஸ் ஆகியவை எங்கும் கிடைத்தன.

ஹானியாவில் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் ஹெராக்லியோன் போனோம். முதல் நாள் தொல்பொருள் அருங்காட்சியகம், மறுநாள் காலை க்னோசோஸ் என்ற பழங்கால அரண்மனையின் இடிபாடுகள் என்று வரிசைப்படுத்தியிருந்தோம். 1900இல் அங்கே அகழத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பல பகுதிகளைக் கான்கிரீட்டால் எழுப்பி வைத்திருப்பதால், அசல் சுவரோவியங்களையும் குறியீடுகள் பதித்த களிமண் தகடான ஃபைஸ்டோஸ் வட்டையும் முதலில் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுப் போனால், எது பழையது, எது அவர் கட்டியது என்று பிரித்தறிவது எளிது.

வரவு செலவில் பலரும் விட்டுவிடுவது தங்குமிடங்களில் வசூலிக்கும் அரசு வரி. அறைக்கு, ஒவ்வோர் இரவுக்கும், விடுதியின் நட்சத்திரத் தகுதிக்கேற்ப இது கூடும். முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. விடுதியில்தான் கட்ட வேண்டும். இதற்காகவே எளிய, குடும்பத்தினர் நடத்தும் விடுதிகளாகப் பார்த்து எடுத்தோம். அவற்றில் அடுப்பும் இருந்ததால் மாமியாரின் காலைக் காபிக்கும் வழி பிறந்தது.