வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி

ஜெர்மன் எல்லையை ஒட்டிய பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பூரில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், தவளக்குப்பத்தருகே வலப்பக்கம் திரும்புவதற்காகக் காரை நிறுத்திக் காத்திருந்தேன். கடலூர்ப் பக்கமிருந்து வந்த பேருந்து இருமுறை ஹெட்லைட்டை மின்னியது. ஓட்டுநரின் பெருந்தன்மையை வியந்து, நன்றி சொல்லக் கையைத் தூக்கியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அடுத்த நொடியில் அந்தப் பேருந்து என் காரின் முன்பக்கத்தை உரசாத குறையாக, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே கடந்து சென்றது. ஜெர்மனியில் சந்திப்பில் எதிரே வருபவர் விளக்கை மின்னினால் 'நீங்கள் முதலில் செல்லுங்கள்' என்று பொருள் கொள்வது வழக்கம். நம் சாலையில் அதற்கு 'நான் வருகிறேன், நில்' என்று பொருள். அந்த ஓட்டுநர் மீது தவறே இல்லை. நான்தான் ஊரின் மொழியை மறந்திருந்தேன்.

எந்த நாட்டிற்குச் சென்றாலும் அங்குள்ள கார்களின் குதிரைத்திறனை விட, யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்பதையே முதலில் கவனிக்கும் பழக்கம் அதிலிருந்து வந்தது.

பிரான்சில் இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் என் மாமா. எங்கள் ஊரில் 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சு இராணுவ ஓய்வூதியர்களில் ஒருவர். ஒருமுறை கிராமத்துத் தெரு ஒன்றில் நான் நேரே சென்றுகொண்டிருக்க, வலப்பக்கச் சந்து ஒன்றிலிருந்து ஒரு முதியவர் பழைய ரெனோ காரைத் திரும்பியும் பாராமல் வெளியே எடுத்தார். பிரேக்கை மிதித்துவிட்டு முணுமுணுத்த என்னிடம் மாமா, "உன் பேரில்தான்டா தப்பு. பலகை இல்லாத இடத்தில் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் வழி" என்றார். பெரிய தெரு, சிறிய சந்து என்ற வேறுபாடெல்லாம் அங்கே கணக்கில் வராது. நம் ஊர்க் கண்ணுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சந்து முனையிலும் வேகத்தைக் குறைக்க வைப்பதற்கு இதைவிட மலிவான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இந்த விதியின் வேடிக்கையை முழுமையாகக் காண வேண்டுமென்றால் பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள வட்டத்திற்குத்தான் செல்ல வேண்டும். பன்னிரண்டு பெருஞ்சாலைகள் வந்து சேரும் அந்த இடத்தில், வட்டத்திற்குள் நுழைபவருக்கே முன்னுரிமை. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர் நின்று வழி விட வேண்டும். காரணம் எளிது. அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள். ஆகவே புதிதாக நுழையும் வண்டி, சுற்றுபவரின் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. இதனால் வட்டம் நிரம்பித் திணறுவதைக் கண்டுதான், 1980களில் பெரும்பாலான ரவுண்டானாக்களில் சுற்றுபவருக்கு முன்னுரிமை தரும் வகையில் பிரான்ஸ் விதியை மாற்றியது. வெற்றி வளைவு போன்ற சில இடங்களில் பழைய முறை தொடர்கிறது.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். அதே 'வலப்பக்கத்திற்கு வழி' விதியை இங்கே பொருத்தினால் விளைவு தலைகீழாகிறது: சுற்றுபவர், நுழைபவரின் வலப்பக்கத்தில் இருப்பதால் அவருக்கே முன்னுரிமை. பலரும் நம்ப மறுக்கும் செய்தி என்னவென்றால், அந்த விதி நம் சட்டத்திலும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளிலேயே அது இடம்பெற்றுவிட்டது. சிக்னல் அணைந்திருக்கும் நேரத்தில் இந்திரா காந்தி சதுக்கத்தில் சற்று நின்று பார்த்தால், நடைமுறையில் உள்ள விதி வேறு என்பது புரியும். முதலில் மூக்கை நுழைத்தவருக்கே வழி.

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரைன் நதிப் பாலத்தைக் கடந்தால் ஜெர்மனியின் கெல் நகரம். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஏ5 நெடுஞ்சாலை. ஜெர்மன் நெடுஞ்சாலைகளின் வேகவரம்பற்ற பகுதிகளைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். அங்கும் மணிக்கு 130 கிலோமீட்டர் என்ற பரிந்துரை உண்டு. என்னைக் கவர்ந்தது வேகமன்று. நெரிசலில் வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே இடப்பக்க வரிசையில் இருப்பவர்கள் இடது ஓரத்திற்கும், மற்றவர்கள் வலது ஓரத்திற்கும் ஒதுங்கி, நடுவில் ஒரு பாதையைத் திறந்து வைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்த பிறகு அன்று, வருவதற்கு முன்பே. நாமும் 108க்கு வழி விடுகிறோம். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கும் இரண்டு மூன்று கார்களையும் சேர்த்தே விடுகிறோம்.

அந்தந்த நாட்டுக் கார்களும் அந்தந்தச் சாலைக்குரிய பதில்களாகவே எனக்குத் தோன்றுகின்றன. 1948இல் அறிமுகமான பிரெஞ்சுக் கார் சித்ரோவன் 2சிவி, உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்ற நிபந்தனையோடு பிறந்தது. முதல் எஞ்சின் வெறும் 375 சிசி. மணிக்கு 200 கிலோமீட்டரில் நிலையாக ஓடும்படி இறுக்கமாக அமைக்கப்பட்ட ஜெர்மன் காரை விட, அந்த மென்மையே அரியாங்குப்பத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரையிலான வேகத்தடைகளுக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் போட்ட விலையுயர்ந்த கார்கள் இங்கே குறுக்காக ஏறி இறங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஜப்பானில் இரு வாரங்கள் வாடகைக்கு ஓட்டிய கெய் எனப்படும் சிறிய வகைக் காரோ 3.4 மீட்டர் நீளமும் 660 சிசி எஞ்சினும் மட்டுமே கொண்டது; நம் காந்தி வீதிக்கென்றே செய்தது போன்றது. நம் நாட்டின் வரிச்சலுகைக்கு நான்கு மீட்டர் எல்லை வகுத்ததால் வந்த, பின்பகுதி வெட்டப்பட்டது போன்ற செடான் கார்களை என்னால் இன்றுவரை அழகென்று சொல்ல முடியவில்லை. ஜப்பானில் வழி விட்டவருக்கு அபாய விளக்கை ஓரிரு முறை மின்னி நன்றி சொல்வார்கள். அதை இங்கே செய்தால், வண்டி பழுதாகி நின்றுவிட்டதென்று நினைத்து உதவிக்கு வருவார்கள்.

சென்ற மாதம் அக்காள் மகன் பழகுநர் உரிமத் தேர்வு எழுதினான். சிக்னலும் காவலரும் இல்லாத சந்திப்பில் யாருக்கு வழி விட வேண்டும் என்ற கேள்விக்கு, வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு என்று சரியாகக் குறித்திருக்கிறான். உரிமம் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் அமர, ஒரு நாற்சந்தியில் வலப்பக்கமிருந்து வந்த மொபெட்டுக்காக அவன் காரை நிறுத்தினான். மொபெட்டில் வந்தவர் நம்ப முடியாமல் தானும் நின்று எங்களையே பார்த்தார். பின்னாலிருந்து மூன்று ஹாரன்கள் ஒன்றாகக் கேட்டன. "மாமா, இப்ப நான் போகணுமா, நிக்கணுமா?" என்று அவன் கேட்டான்.